அத்தியாயம் 3: நாற்பது நிமிட நெருப்பு

மனித குலத்தின் வரலாறு என்பது நெருப்பை அடக்கி ஆண்ட வரலாறு. அதை மூட்டத் தெரிந்தவன் மனிதனானான். அது அணைந்த காரணத்தை அறிந்தவனோ அறிஞனானான்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ‘மதுசூதனன் துப்பறியும் பணியகம்’ என்று பலகை மாட்டியிருக்கும் மதுசூதனன் இதை ஸ்பிரிங்வெளிப் பாதையில் மேலேறிக்கொண்டிருந்த ஓட்டோவின் பின்னாசனத்தில் இருந்து, இடது கையை உயர்த்திச் சொன்னார். அன்று காலை கேஸ் அடுப்பில் தேத்தண்ணி வைக்கப் போய் இடது புருவத்தில் பாதியைப் பறிகொடுத்திருந்தார். உயர்த்திய கை அதை மறைக்கவும் வசதியாக இருந்தது.

“சேர், அடக்கி ஆண்டது போதும். மிச்சப் புருவத்தையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேருங்க” என்றாள் விஜயலெட்சுமி.

விஜயலெட்சுமி அவருடைய உதவியாளர். அதற்கு முன் நான்கு வருடம் பதுளை பஜாரில் கேஸ் அடுப்புத் திருத்தும் கடையில் இருந்தவள். மதுசூதனன் ஒருநாள் தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனபோது, அதைத் திறந்து பார்த்துவிட்டு, “வீட்டுல அம்மா யாழ்ப்பாணம் போயி ஒரு மாசம் இருக்குங்களா சேர்?” என்று கேட்டாள். மனைவி ஊரில் இல்லாததை அவளுக்குச் சொன்னது, ஒரே பேர்னரில் மட்டும் நூடில்ஸ் பொங்கி வழிந்த கறை. மறுநாளே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து துப்பு அவளிடமும் முழக்கம் அவரிடமுமாக வேலை பிரிந்துபோயிற்று.

அன்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைபேசியில் மணி ஒன்று பத்து. மூன்று மணிக்கு ஆல்டர்வுட் தேயிலைத் தோட்டத்து அலுவலகமான கந்தோரில் விசாரணை. பங்களாச் சமையல்காரர் மாரிசாமி குற்றவாளி என்று அங்கே முடிவானால், வேலையோடு பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் வீடும் போய்விடும். அந்த வீட்டில் அவர் மகள் அடுத்த மாதம் எழுதப்போகும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர்களை அழைத்தவரோ மாரிசாமி இல்லை. தோட்டத்தார் ‘துரை’ என்று அழைக்கும் முகாமையாளர் சிந்துஜன்தான் அழைத்திருந்தார். விசாரணையில் வைக்க அவருக்கு ஒரு துப்பறிவாளரின் அறிக்கை வேண்டுமாம்.

“அறிக்கை ரெடி” என்று மதுசூதனன் கோப்பைத் தட்டினார். “மூண்டு பக்கம். நேற்றே டைப் பண்ணிப்போட்டன். ஆதாரம் மட்டும்தான் பாக்கி.”

“குற்றவாளி பேரு?”

“போட்டாச்சு.”

“அப்ப நம்ம எதுக்கு சேர் மலை ஏறுறோம்? காத்து வாங்கவா?”

மதுசூதனன் வெளியே பார்த்தார். வெளியே மூடுபனிதான் தெரிந்தது.

*

சிந்துஜன் துரை பங்களா வாசலில் நின்றார். முப்பத்தாறு வயது, வெள்ளவத்தையில் பிறந்தவர். பகல் ஒன்றரை மணிக்கு, முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கம்பளிக் கோட் போட்டிருந்தார். அந்தக் கோட்டில் கிழிசல் எதுவும் இருந்ததில்லை. ஒட்டு கடையிலிருந்து வரும்போதே வந்தது.

“மிஸ்டர் மதுசூதனன், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இது கொலை முயற்சி.”

மதுசூதனன் முதுகை நிமிர்த்தினார். கொலை என்ற சொல் அவருக்கு வாழ்க்கையில் அடிக்கடி கிடைப்பதில்லை. போன வருடம் முழுக்க அவர் தேடியது இரண்டு நாய்களையும் ஒரு மருமகனையும்தான்.

துரை அவர்களை ஒரு அறைக்குள் அழைத்துப் போனார். மூன்று கட்டில் போட்டால் நிறைந்துவிடும் சின்ன அறை. துரை அதற்கு ‘லைப்ரரி’ என்று பெயர் வைத்திருந்தார். அலுமாரி நிறையப் புத்தகங்கள். முதுகு நிறம் ஒத்துப்போகும்படி அடுக்கப்பட்டிருந்தன. சுவரில் மீசை வைத்த வெள்ளைக்காரர்களின் பெரிய படங்கள். பண்டாரவளையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கியவை என்று ஓட்டோக்காரர் வழியிலேயே சொல்லியிருந்தார். துரை விருந்தாளிகளிடம் அவர்களை ‘நம்முடைய முன்னோடிகள்’ என்று அறிமுகப்படுத்துவாராம்.

நடுவில் பழைய கணப்படுப்பு. அதன் புகைபோக்கியை முந்திய துரை எவரோ மழைக்காகத் தகரம் வைத்து அடைத்திருந்தார். அடுப்புக்குள்ளே விறகு எரிந்துகொண்டிருந்தது. விஜயலெட்சுமி குனிந்து பார்த்தாள். விறகு, ஆனால் விறகில்லை. சுட்ட மண்ணில் செய்து பட்டை வரைந்த போலி விறகு. அதற்கடியில் கேஸ் ஹீட்டர்.

“தோட்டத்துல வெறகுக்கா சார் பஞ்சம்?” என்றாள்.

“விறகு புகையும்” என்றார் துரை. “இது உயர்தரமானது. சனிக்கிழமை தோறும் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். இங்கே அமர்த்தி, கதவை மூடி, மெழுகுவர்த்தி ஏற்றி, மலைநாட்டுத் தேயிலையின் மகத்துவத்தை நானே எடுத்துரைக்கிறேன். ஐந்து சனிக்கிழமை பேசினேன். ஐந்து தடவையும் நாற்பது நிமிடம் முன்பின்னாக நெருப்பு அணைந்தது! நான் உச்சக்கட்டத்துக்கு வரும்போது! மற்ற நாட்களில் மாரிசாமி சுத்தம் செய்துவிட்டுப் பற்றவைத்துப் பார்ப்பான். அப்போது மட்டும் மணிக்கணக்காக எரிகிறது. கேஸ் சிலிண்டர் குசினிச் சுவருக்கு வெளியே. குசினியில் யார்? மாரிசாமி. நான் பேசும்போது பூட்டுகிறான், பிறகு திறக்கிறான். ஒருநாள் அணைந்த அடுப்பிலிருந்து கேஸ் கசிந்து நான் உறக்கத்திலேயே போய்விட்டால்?”

“பேசிக்கிட்டிருந்தது நீங்கதானே சார்? ஒறங்கினது மத்தவங்கதான?” என்றாள் விஜயலெட்சுமி.

“விருந்தாளிகள் கொட்டாவி விட்டது உண்மை. குளிரில்.”

மதுசூதனன் இருமி அவளை அடக்கினார். அவளோ கைபேசியைப் பார்த்தாள். ஒன்று முப்பத்தைந்து.

*

குசினிக்கு வெளியே, சுவரோரம் கூண்டுக்குள் சிலிண்டர் நின்றது. பக்கத்தில் மாரிசாமி நின்றார். ஐம்பது வயது, ஒடிசலான ஆள். வெள்ளைச் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். விசாரணைக்குப் புறப்பட்டு நிற்கிறார் என்று தெரிந்தது.

“நான் தொடலங்க ஐயா” என்றார். “சத்தியமா தொடல.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்” என்றார் மதுசூதனன்.

“தொடாதவங்களும் அப்புடித்தான் சொல்வாங்க சேர்” என்றாள் விஜயலெட்சுமி. “அண்ணே, அந்த நேரத்துல லைப்ரரிக்குள்ள யாரு இருப்பா? தொரையத் தவிர?”

“ராசம்மா. தட்டு ஏந்திக்கிட்டு மூலையில நிப்பா.”

ராசம்மா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பங்களா வேலைக்கு வந்து எட்டு வருடம். துரைமார் நான்கு பேரைப் பார்த்தவள். கேள்வி கேட்பதற்கு முன்பே, “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று தொடங்கினாள்.

“தெரிஞ்சத கேக்கல அக்கா, பாத்தத கேக்குறேன். கொஞ்சம் இங்க வாங்க.”

விஜயலெட்சுமி அவளை லைப்ரரிக்கு இழுத்துப்போய் ஹீட்டருக்கு முன்னால் உட்கார வைத்தாள். மதுசூதனனைச் சிலிண்டரருகே நிறுத்தினாள். “சேர், நான் கத்துனதும் பூட்டுங்க!” என்று கத்தினாள். அவர் பூட்டினார். போலி விறகுக்கிடையில் ஆடிய நெருப்பு மெல்ல மெல்லக் குள்ளமானது, நீலமானது, தரையோடு படுத்தது, போனது.

“இப்புடித்தான் அணைஞ்சுதா?”

“இல்லியே.” ராசம்மா தலையை ஆட்டினாள். “இது என்னமோ பசியில மயங்கி விழுற மாதிரி இருக்கு. அன்னிக்கெல்லாம் பெரிய நெருப்பு ஜம்முன்னு எரிஞ்சிக்கிட்டுதான் இருந்திச்சி. ஓரத்துல சின்னதா ஒண்ணு நீலமா எரியுதில்ல? அது மட்டும் எந்திரிச்சி நின்னுச்சி. எட்டிப் பாக்குற மாதிரி. அப்பறம் ‘டக்’னு ஒரு சத்தம். எல்லாம் ஒண்ணாப் போயிருச்சி.”

“திரும்ப எப்புடிப் பத்துனிச்சி?”

“வெருந்தாளிங்கள சாப்பாட்டுக்கு அனுப்பிட்டு, கதவத் தொறந்து போட்டுட்டு, கொஞ்சம் பொறுத்து தொரையே பட்டன அமுத்துவாரு. பத்திக்கும்.”

“அதுக்குள்ள யாரும் சிலிண்டர் கிட்ட போகல?”

“மாரிசாமி அண்ணன் கோப்பையெல்லாம் பொறுக்கிக்கிட்டு எம் பக்கத்துலல்ல நிப்பாரு! இன்னொண்ணு புள்ள, பத்துப் பேரு வந்த அன்னிக்கி சீக்கிரமே போயிருச்சி. நாலு பேரு வந்த அன்னிக்கி தொரை பேச்ச முடிக்கப்போற மட்டும் தாக்குப் புடிச்சிச்சி. பாவம் அந்த நாலு பேரும்.”

விஜயலெட்சுமியின் கால் ஆடத் தொடங்கியது. அவளுக்கு ஏதாவது பிடிபட்டால் கால்தான் முதலில் ஆடும்.

மதுசூதனன் மூச்சிரைக்க உள்ளே வந்தார். “என்ன பிள்ளை, கண்டுபிடிச்சிட்டியே?”

“சேர், மணியப் பாத்துப் பூட்டுற ஆளு தலைய எண்ண மாட்டான். இந்த நெருப்பு அறைக்குள்ள எத்தன பேருன்னு எண்ணிப் பாத்துதான் அணையுது.”

“நெருப்புக்கு எண்ணத் தெரியுமே?”

“இதுக்குத் தெரியும்.” அவள் ஹீட்டரின் ஓரத்தில் பென்சில் முனையளவு நீட்டிக்கொண்டிருந்த செப்புக் குச்சியைக் காட்டினாள். “இது கங்காணி மாதிரி சேர். அந்தச் சின்ன நெருப்பு பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்குப் பேரு குடுக்க, வந்திருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும். வந்திருந்தா குச்சி சுடும். சுட்டா அதுக்குள்ள துளியூண்டு கரண்ட் உண்டாகும். அந்தக் கரண்டுதான் உள்ளார ஒரு காந்தத்தப் புடிச்சிக்கிட்டு கேஸ் வர்ற கதவத் தொறந்து வச்சிருக்கும். சின்ன நெருப்பு நின்ன எடத்துல இல்லேன்னா குச்சி ஆறிரும், காந்தம் கைய விட்டுரும், கதவு சாத்திக்கும். அந்த ‘டக்’ சத்தம் அதான். பத்த வைக்கிறப்போ பட்டன அரை நிமிசம் அமுத்திப் புடிக்கிறோமே, எதுக்கு? குச்சி சுடுற வரைக்கும் நம்ம கைதான் காந்தம்.”

“அப்ப கேஸ் கசிஞ்சு துரை சாகிறது?”

“கதவு சாத்தினப்பறம் கசியிறதுக்கு எங்க இருக்கு கேஸு?”

மதுசூதனன் கோப்பில் இருந்த மூன்று பக்கத்தைக் கவலையோடு பார்த்தார். முதல் பக்கத்திலேயே ‘நச்சு வாயு’ என்று இரண்டு இடத்தில் வந்திருந்தது.

“சின்ன நெருப்பு ஏன் எழும்பி நிண்டது?” என்று கேட்டார். அது நல்ல கேள்விதான். தெரியாததை நேரே கேட்டுவிடுவார். அவரிடம் அவளுக்குப் பிடித்த குணம் அது ஒன்று.

“அதத்தான் தொரைகிட்ட காட்டணும். அவரு நம்புற மாதிரி. இப்ப ஒண்ணு அம்பது. சேர், தொரைய அந்தப் பேச்சப் பேசச் சொல்லுங்க. முழுசா. கதவ மூடிக்கிட்டு.”

“முழுசாவே?” மதுசூதனனின் முகம் வாடியது.

“மாரிசாமி அண்ணனும் உள்ள ஒக்காரணும். எல்லார் கண்ணு முன்னாலயும்.”

*

துரையைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தால் அவர் எந்த நேரமும் தயார். மதுசூதனன் சிலிண்டரைத் திறந்துவிட்டு வந்ததும் ஹீட்டர் பற்றியது. கதவு மூடப்பட்டது. ராசம்மா வழக்கம்போல மெழுகுவர்த்திகளை ஏற்றினாள். மாரிசாமி நாற்காலி நுனியில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துரைக்கு முன்னால் அந்த அறையில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. நின்றுகொண்டிருந்தாலே அவருக்குச் சுகமாக இருந்திருக்கும் போலத் தோன்றியது.

துரை தொண்டையைச் சரிசெய்தார்.

“அன்பர்களே, ஒரு கோப்பைத் தேநீரில் என்ன இருக்கிறது? நீர் என்பீர்கள். இலை என்பீர்கள். நான் சொல்கிறேன், அதில் ஒரு நாகரிகம் இருக்கிறது...”

பத்து நிமிடத்தில் நாகரிகம் கப்பலேறி இலங்கை வந்தது. இருபதாவது நிமிடத்தில் காடு வெட்டப்பட்டது. யார் வெட்டினார்கள் என்பது மட்டும் பேச்சில் வரவில்லை. சுவரில் இருந்த மீசைக்காரர்கள் குதிரையில் போய்க்கொண்டே வெட்டிவிட்டார்கள் போலிருந்தது. மாரிசாமியின் கண் ஹீட்டரை விட்டு நகரவில்லை. விஜயலெட்சுமி கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கண் ஒருதரம் சின்ன நெருப்பிலும் ஒருதரம் கைபேசியிலும் மாறிமாறி விழுந்தது. இரண்டு பத்து. இரண்டு பதினெட்டு. வேண்டாத நேரத்தில் ஐந்து முறை அணைந்தது, வேண்டிய நேரத்தில் அணையாமல் விட்டால்? முதல் கொட்டாவி மதுசூதனனுடையது. அடுத்தது ராசம்மாவுடையது. அதற்கடுத்ததைத் துரையே விட்டார், ‘பொன்மயமான’ என்ற சொல்லுக்கு நடுவில்.

இரண்டு முப்பத்தாறுக்கு ராசம்மா கையை நீட்டினாள்.

“அந்தா! எந்திரிக்குது!”

ஓரத்து நீலச் சுடர் குச்சியை விட்டு விலகி, நுனி மஞ்சளாகி, எதையோ தேடுவதுபோல மேலே எழும்பி ஆடியது.

டக்.

போலி விறகு கறுத்துப்போனது.

மாரிசாமி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவை முழங்காலில்தான் இருந்தன.

“கூட்டாளி வைத்திருக்கிறான்!” என்று துரை பாய்ந்தார். “சிலிண்டரில் யாரோ...”

விஜயலெட்சுமி கதவை அகலத் திறந்துவிட்டாள். குளிர் உள்ளே வந்தது. ஐந்து நிமிடம் பொறுத்தாள். அந்த ஐந்து நிமிடமும் துரை கூட்டாளியைப் பற்றிப் பேசினார். பிறகு அவள் குமிழை அமுக்கிப் பிடித்தாள். நெருப்பு பற்றியது.

“சிலிண்டர் தொறந்தேதான் சார் இருக்கு. யாரும் கிட்ட போகல. இதுக்குக் கேஸ் பத்தாம இல்ல. காத்துதான் பத்தல. அறையில காத்து கெட்டுப்போனா அந்தச் சின்ன நெருப்பு நின்ன எடத்துல நிக்காது, நல்ல காத்தத் தேடி எந்திரிச்சிரும். அப்புடி எந்திரிக்கணும்னுதான் அதச் செஞ்சிருக்காங்க. குச்சி ஆறும், கதவு சாத்திக்கும். தலை கூடக்கூட மெழுகுவர்த்தியும் கூடும், காத்து சீக்கிரம் தீரும். மாரிசாமி அண்ணன் பத்த வைக்கிறப்போ கூட்டிக்கிட்டும் தொடைச்சிக்கிட்டும் கதவத் தொறந்துதான் போட்டிருப்பாரு, அதான் எரியுது.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “ஒங்கள யாரும் கொல்லப் பாக்கல சார். அஞ்சு சனிக்கெழமையும் இந்த ஹீட்டரு ஒங்களையும் ஒங்க வெருந்தாளிங்களையும் காப்பாத்தி இருக்கு.”

துரை கோட்டின் பொத்தானைத் திருகினார்.

“அறையில் காற்றோட்டம் இருக்கிறது” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “பொருத்தியவர்கள் முறைப்படிதான் பொருத்தினார்கள்.”

“முறைப்படின்னா சொவத்துல ஓட்டை போட்டிருக்கணுமே?”

விஜயலெட்சுமி ஓட்டமாக வெளியே போனாள்.

*

வெளிச்சுவரில் இரண்டு கம்பிவலைகள் இருந்தன. ஒன்று முழங்கால் உயரத்தில், ஒன்று தலைக்கு மேலே. வெளியிலிருந்து பார்த்தால் திறந்துதான் இருந்தன. அவள் பக்கத்துத் தேயிலைச் செடியில் ஒரு குச்சியை ஒடித்துக் கீழ்வலைக்குள் நுழைத்தாள். சாண் தூரம் போனது. பிறகு எதிலோ முட்டியது. ‘சரசர’ என்றது.

இரண்டு நாற்பத்தெட்டு.

திரும்பி வந்தபோது, தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இரகுநாதன் லைப்ரரி வாசலில் நின்றார். சுன்னாகத்தில் பிறந்து முப்பத்தோரு வருடமாக ஆல்டர்வுட்டில் கோப்புக் கட்டுபவர். கக்கத்தில் விசாரணைப் படிவம். மூன்று மணிக்கு விசாரணை என்றால் இரண்டு நாற்பத்தைந்துக்கு எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, தேடி வந்துவிடுவார்.

“இன்னும் பன்னிரண்டு நிமிசம் இருக்கு” என்றார் எல்லோருக்கும் பொதுவாக.

விஜயலெட்சுமி அவரைத் தாண்டி உள்ளே போய், மிகப் பெரிய மீசைக்காரரின் படத்துக்குக் கீழே நின்றாள். “சேர், இந்த ஐயாவக் கொஞ்சம் எறக்குங்க.”

“அதைத் தொடாதீர்கள்!” என்றார் துரை. “அது முன்னோடி...”

மதுசூதனன் துரையைப் பார்த்தார். பிறகு மாரிசாமியைப் பார்த்தார். ஆல்டர்வுட் துரையின் சிபாரிசு இருந்தால் எல்ல நகரப் பக்கம் உள்ள ஹோட்டல்காரர் எல்லோரும் தன்னைத் தேடி வருவார்கள் என்று போன வாரம் முழுக்கக் கணக்குப் போட்டவர் அவர். ஒரு பெருமூச்சு விட்டார். நாற்காலியில் ஏறி, முன்னோடியை ஆணியிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்க இறக்கி வைத்தார்.

படத்துக்குப் பின்னால் ஒரு சதுர ஓட்டை. ஓட்டை நிறைய வெள்ளித்தாள். நெருக்கி நெருக்கி அடைத்து, மேலே ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. கீழே குடை வைக்கும் பித்தளை ஜாடியை ராசம்மா நகர்த்தினாள். அதற்குப் பின்னாலும் அப்படியே.

“மாரிசாமி!” என்று துரை கத்தினார். “பார்த்தீர்களா? இவன்தான் அடைத்திருக்கிறான்!”

மாரிசாமி துரையையே பார்த்தார். இரகுநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

மதுசூதனன் ஒட்டுநாடாவைக் கிழித்து ஒரு வெள்ளித்தாளை இழுத்தெடுத்தார். உள்ளங்கையளவு பை. மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். துப்பறிவாளராக அவர் வாழ்ந்த வாழ்க்கையில் மிக நல்ல நிமிடம் அது. அதை அவசரப்படாமல் அனுபவித்தார்.

“பிள்ளை, உது என்ன?”

“தேயிலைச் சாம்பிள் பை சேர். ஃபெக்டரியில இருந்து தெனம் வரும். ருசி பாக்க.”

“வெளியில திகதி எழுதிக் கிடக்கு. ராசம்மா, உந்தப் பையளை எங்க வைப்பினம்?”

“தொரையோட அலுமாரியிலங்க. திகதியும் அவரே எழுதி வச்சிக்குவாரு. வெறும் பையக்கூட வீசமாட்டாரு, உள்ளயே வச்சிப் பூட்டிருவாரு. வெளிய போனா அவரு தேயிலைய வேற தோட்டத்துக்காரன் மோந்து பாத்துருவானாம்.”

“சாவி?”

“அவரு இடுப்புலதான். குளிக்கப் போறப்பவும்.”

மதுசூதனன் இரண்டாவது பையை இழுத்தார், மூன்றாவதை இழுத்தார். ஒவ்வொன்றாகத் துரையின் முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தார். “மே மாதம் நாலு. அஞ்சு. ஏழு. சேர், இது உங்கட கையெழுத்து. உங்கட அலுமாரி. உங்கட சாவி. மாரிசாமி இதை அடைக்கிறதெண்டால் முதலில் உங்கட இடுப்பை அடைக்க வேணும்.”

“நல்லாருக்கு சேர்” என்று விஜயலெட்சுமி முணுமுணுத்தாள். அவளுடைய கால் ஆடுவது நின்றிருந்தது.

துரை உட்கார்ந்தார். கோட் தோளில் ஏறி நின்றது.

“ஹீட்டர் பொருத்திய மறுநாள் அடைத்தேன்” என்றார் கடைசியில். “அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?”

“பொருத்துனவங்க மூடாதீங்கன்னு சொல்லலியா?”

“சொன்னார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம்...” வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்.

மதுசூதனன் கோப்பைத் திறந்து மூன்று பக்க அறிக்கையை எடுத்து நான்காகக் கிழித்தார். மாரிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் எழுந்து அந்தக் கிழிந்த தாள்களைப் பொறுக்கப் போனார். ராசம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

*

இரகுநாதன் மட்டும் அசையவில்லை. முப்பத்தோரு வருடத்தில் எந்தப் படிவத்தையும் அவர் பாதியில் விட்டதில்லை. மேசையில் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்தார்.

“குற்றச்சாட்டு வாபஸ். சந்தோசம். எழுதியாச்சு. காற்றுத் துவாரத்தை அடைச்சது ஆர்? முகாமையாளர். எழுதியாச்சு. காரணம்?”

“அது தேவையில்லை” என்றார் துரை.

“கட்டம் இருக்கு சேர்.”

“குளிர்காற்று என்று போடுங்கள்.”

“குளிருக்குத்தானே சார் ஹீட்டர் வாங்கினீங்க?” என்றாள் விஜயலெட்சுமி. “அதுவும் மேல் ஓட்டை தலைக்கு மேல. அங்கேருந்து யாருக்குக் குளிரும்? முன்னோடிக்கா?”

“பொய்க் காரணம் போட ஏலாது. கீழ நான் கையெழுத்து வைக்கிறன்” என்றார் இரகுநாதன்.

“அப்படியென்றால் வெறுமையாக விடுங்கள்!”

“விடலாம்.” இரகுநாதன் பேனாவைக் கீழே வைத்தார். “விட்டால் கொழும்பில இருக்கிற கொம்பனி என்ன நினைக்கும்? வெளிநாட்டுச் சனத்தை அறையில இருத்தி, கதவை மூடி, காத்து வாற வழியை ஒரு காரணமும் இல்லாமல் முகாமையாளர் வேணுமெண்டு அடைச்சவர். பிறகு இதே படிவம், இதே மேசை, எதிரி இடத்தில உங்கட பேர். எனக்குப் புதுப் படிவம் எடுக்கிறதில கஷ்டமில்லை.”

துரையின் பார்வை மெல்ல மாரிசாமியிடம் போனது. மாரிசாமிக்குக் காரணம் தெரியும் என்பது அந்த ஒரு பார்வையில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

“அண்ணே?” என்றாள் விஜயலெட்சுமி.

“யார்கிட்டயும் சொல்றதில்லேன்னு தொரைக்கு வாக்குக் குடுத்துட்டேன் புள்ள.” மாரிசாமி கூரையைப் பார்த்தார். “இந்த ஓட்டைய போட்ட அன்னிக்கி ராத்திரி நாந்தான் தொடப்பத்தோட வந்தேன். அதுக்கு மேல கேக்காத.”

அடைத்தது அவர்தான் என்று துரை கத்தியபோதும் அந்த வாக்கை மீறாமல் இருந்தவர் அவர். துரைக்கும் அது உறைத்திருக்க வேண்டும். மேசையைச் சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

“பேனாவைக் கொடுங்கள்” என்றார்.

இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். எழுதியதும் படிவத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரையும் பாராமல் வெளியே போனார். கோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இரகுநாதன் படிவத்தைத் திருப்பினார். எதைக் கோப்பில் போட்டாலும் ஒருதரம் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பது அவர் வழக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்.

“காரணம்: முகாமையாளருக்குப் பல்லி என்றால் பயம்.”